எண்பது வீத வரவு

1

நாற்பது வயதுக்கு மேல் படிக்க வருகிறவர்கள் எந்த இடத்தில் அழுவார்கள் என்று எனக்குத் தெரியும். உதவிப்பண விண்ணப்பத்தின் மூன்றாம் பக்கத்தில் அழுவார்கள். முதல் இரண்டு பக்கமும் பெயர், விலாசம், பிறந்த திகதி. கை தன்பாட்டில் எழுதிக்கொண்டு போகும். மூன்றாம் பக்கத்தில், கடந்த பன்னிரண்டு மாதமும் உங்கள் சீவியம் எப்படி நடந்தது என்று ஒரு கேள்வியும், அதற்குக் கீழே நாலு வரி இடமும் இருக்கும். அங்கே பேனை நின்றுவிடும். நான் கடதாசிக் கைக்குட்டைப் பெட்டியை மெல்ல அவர்கள் பக்கம் தள்ளிவிட்டு, கணினியில் எதையோ தேடுவதுபோலப் பாவனை செய்வேன்.

ரொறொன்ரோவில், வளர்ந்தவர்களுக்குத் தொழில் பழக்கும் ஒரு கல்லூரியில் பதினாறு வருடமாக இதுதான் என் வேலை. தொழிற்சாலை மூடியதால் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் வருவார்கள். இருபது வருடம் டாக்சி ஓட்டிக் கண் மங்கியவர்கள் வருவார்கள். பிள்ளைகள் வளர்ந்து போன பிறகு வீட்டில் தமக்கு வேலை இல்லை என்று கண்டுபிடித்த தாய்மார் வருவார்கள். ஒருவருக்கு முதியோர் பராமரிப்புப் பழக வேண்டும், இன்னொருவருக்குப் பல் வைத்தியரின் உதவியாளராக வேண்டும். அதற்கான பணத்தை அரசாங்கத்திடம் இருந்து எடுத்துக் கொடுப்பது என் பொறுப்பு. எந்தக் கட்டத்தையும் வெறுமையாக விடாதீர்கள், ஒன்றும் இல்லையென்றால் பூச்சியம் போடுங்கள், தெரியாததைத் தெரியாது என்று எழுதுங்கள் என்று ஒரு நாளைக்கு எத்தனை தரம் சொல்கிறேனோ தெரியாது.

எங்கள் ஆட்கள் வந்தால் எனக்குத் தனி மரியாதை உண்டு. ஒருமுறை எங்கள் மேலாளர் ஒரு தமிழ் ஐயாவுக்கு அரை மணித்தியாலம் விதிமுறைகளை விளக்கினார். அவர் தலையை ஆட்டி ஆட்டி "யெஸ், யெஸ்" என்றார். அவர் போன பிறகு நான் மேலாளரிடம் சொன்னேன், அவருக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, அந்த ஆமா போடுதல் உங்களுக்குக் காட்டிய மரியாதை என்று. மேலாளர் என்னை ஒரு ஞானியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அன்றிலிருந்து தமிழர் யார் வந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார். எங்கள் சனம் "ஓம்" என்றால் அதற்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும் என்ற திமிர் எனக்கு நன்றாகவே இருந்தது. அந்தத் திமிர் உடைந்து இப்போது ஒரு வருடம் ஆகிறது.

2

நாங்கள் ஆறு பேர் சேர்ந்து ஒரு சிறிய சங்கம் வைத்திருக்கிறோம். எல்லோரும் கிளிநொச்சிக் குடியேற்றத் திட்டத்தில் ஒரே வாய்க்காலில் குளித்து வளர்ந்த ஆட்கள். பல காலம் கோயிலுக்கும் பள்ளிக்கூடத்து மதிலுக்கும் காசு அனுப்பினோம். இனி மதிலுக்கு மேல்தான் மதில் கட்ட வேண்டும் என்ற நிலை வந்தபோது, வன்னியில் முப்பது வயது தாண்டியவர்கள் தொழில் பழக உதவுவோம் என்று முடிவானது. சின்னப் பிள்ளைகளின் படிப்புக்கு உதவ எத்தனையோ பேர் இருக்கிறார்கள். படிக்கிற வயதில் ஷெல்லுக்குப் பயந்து பங்கருக்குள் கிடந்தவர்களைத்தான் யாரும் கேட்பதில்லை.

சங்கச் செயலாளர் குகனேசன் என்னைப் பார்த்துச் சொன்னார்: "வசந்தி, உம்மட வேலையே இதுதானே. விதிமுறையளை நீரே எழுதும்."

ஒரு ஞாயிற்றுக்கிழமையில் எழுதி முடித்தேன். பெரும்பாலும் என் அலுவலகப் படிவத்தைப் பார்த்துத்தான் எழுதினேன். குடும்ப வருமானம், கிராம அலுவலரான விதானையாரின் கடிதம், ஊரில் பிணை நிற்க ஒருவர். வகுப்பு வரவு எண்பது வீதத்துக்குக் குறைந்தால் எச்சரிக்கை. அடுத்த மாதமும் குறைந்தால் இரண்டாவது எச்சரிக்கை. மூன்றாவது மாதமும் அப்படியென்றால் கொடுப்பனவு நிறுத்தப்படும், கடிதத்தின் பிரதி பிணை நின்றவருக்கும் போகும்.

மகள் ஆதிரை அப்போது வீட்டில் இருந்தாள். கணினியில் அட்டவணை போட்டுத் தந்தது அவள்தான். எண்பதுக்குக் கீழே போனால் கட்டம் தானாகவே சிவப்பாகும். செய்து முடித்துவிட்டு, "அம்மா, இது உங்கட ஒஃபிஸ் ஃபோம் தானே? அங்க இருக்கிற ஆக்களுக்கும் சரிவருமா?" என்று கேட்டாள். விதி என்றால் எல்லோருக்கும் ஒன்றுதான் என்று பெரிய நீதிபதி மாதிரிச் சொன்னேன். அவள் தோளைக் குலுக்கிவிட்டு எழுந்து போனாள். பிறகு பல்கலைக்கழகத்துக்கென்று வேறு நகரத்துக்குப் போய்விட்டாள்.

ஊரில் எங்கள் காரியங்களைப் பார்த்துத் தருகிறவர் நஸீர் நானா. முல்லைத்தீவுப் பக்கம் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கிறார். குடும்பத்தோடு இடம்பெயர்ந்து போய், அரைவாசி ஆயுளைப் புத்தளத்தில் கழித்துவிட்டுத் திரும்பி வந்து கடை திறந்தவர். படிவங்களைப் படமெடுத்து அனுப்புவது, கடிதங்களைக் கையில் கொடுத்துக் கையொப்பம் வாங்குவது, பயிற்சிக்கு வேண்டிய கருவிகளை வாங்கிக் கொடுப்பது எல்லாம் அவர்தான். ஒரு சதம் எடுக்கமாட்டார்.

3

யோகமலருக்கு நாற்பத்தொரு வயது. ஒட்டுசுட்டானில் இருந்து உள்ளே, காட்டு ஓரமாக வீடு. கணவர் நெல் ஆலையில் மூட்டை தூக்கி முதுகு விழுந்தவர், இப்போது பாரமான வேலை ஏதும் செய்யமாட்டார். மகள் சாதாரணதரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். யோகமலரின் விண்ணப்பத்தில் பயிற்சிநெறி என்ற இடத்தில் "வீட்டு மின் இணைப்பு" என்று எழுதியிருந்தது. நான் பிழையாக எழுதிவிட்டாரோ என்று நினைத்தேன். தையல், கேக் அலங்காரம், முன்பள்ளி ஆசிரியை என்றுதான் மற்றப் பெண்கள் எழுதியிருந்தார்கள். வாட்ஸ்அப்பில் எடுத்துக் கேட்டேன்.

"ஏன் வயரிங் பழக ஆசைப்பட்டனீங்கள்?"

"அக்கா, எங்கட பக்கம் முழுக்க வீட்டுத்திட்ட வீடுகள். கனக்க வீட்டில பொம்பிளையள் தான் தனிய இருக்கினம். ஒரு பல்ப் எரியேல்லை எண்டாலும் வெளியில இருந்து ஆம்பிளை ஒராள் வரவேணும். அவர் வந்து ரெண்டு மணித்தியாலம் வீட்டுக்க நிண்டா அக்கம்பக்கம் என்ன கதைக்கும் எண்டு உங்களுக்குத் தெரியும் தானே. அதுக்குப் பயந்தே இருட்டுக்க இருக்குதுகள். நான் போனா ஆர் என்ன சொல்லுறது?"

பதினாறு வருடத்தில் நான் கேட்ட பதில்களில் இவ்வளவு சுத்தமான பதில் ஒன்று இல்லை. அன்றைக்கே என் சம்மதத்தை எழுதி அனுப்பினேன். மாதர் சங்கத் தலைவி பிணை நின்றார். நஸீர் நானா மீற்றர், குறடு, ரெஸ்ரர் எல்லாம் ஒரு பையில் போட்டுக் கொடுத்தார். ஆறு மாதப் பயிற்சி. முடிவில் ஒரு மதிப்பீடு. அதில் தேறினால் சான்றிதழ். சான்றிதழ் இருந்தால்தான் மின்சார சபைக்காரர் அவர் செய்த வேலையை ஏற்றுக்கொண்டு இணைப்புக் கொடுப்பார்கள்.

மாதத்தின் முதல் ஞாயிறு காலை, நான் தேத்தண்ணியோடு இருந்து எல்லாப் பயிலுநர்களுக்கும் எடுப்பேன். அங்கே பின்னேரமாக இருக்கும்.

"மலர், எப்பிடிப் போகுது? பிரச்சினை ஏதும் இருக்கோ?"

"ஒண்டும் இல்லை அக்கா. எல்லாம் நல்லாப் போகுது."

இந்தக் கேள்விக்கும் இந்தப் பதிலுக்கும் ஒரு நிமிடம் போதும். ஞாயிறு எனக்கு வேறு வேலைகளும் இருந்தன.

4

முதல் இரண்டு மாதமும் மலரின் கட்டம் வெள்ளையாக இருந்தது. மூன்றாம் மாதம் சிவந்தது. பயிற்சி நிலையத்தின் வரவு இடாப்பை நஸீர் நானா படமெடுத்து அனுப்பியிருந்தார். பாதி நாட்களுக்கு மேல் வரவில்லை என்று வட்டம் போட்டிருந்தது. எச்சரிக்கைக் கடிதம் அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை எடுத்தபோது, "ஓம் அக்கா, கடிதம் கிடைச்சது. இனி ஒழுங்காப் பாக்கிறன்" என்றார். பிரச்சினை ஏதும் இருக்கிறதா என்று கேட்டேன். ஒன்றும் இல்லை என்றார். நாலாம் மாதமும் சிவப்பு. திரும்பவும் கடிதம், திரும்பவும் அதே ஓம்.

ஐந்தாம் மாதம் இன்னும் மோசம். எனக்குச் சரியான கோபம் வந்தது. இதை மறைக்காமல் எழுத வேண்டும். சங்கக் கூட்டத்தில் குகனேசன், "சும்மா குடுத்தா இப்பிடித்தான். எங்கட சனத்துக்குக் கிடைச்சதின்ர அருமை தெரியாது" என்றபோது நான் மறுக்கவில்லை. அதற்கும் மேலே போய், "நான் ஒவ்வொரு மாதமும் எடுத்துக் கேக்கிறன், ஒரு வார்த்தை சொல்லேல்லை" என்றேன். அங்கே படிக்கிற வாய்ப்புக்காகக் காத்திருக்கிற வேறு பெண்களை நினைத்தேன். இங்கே மூன்றாம் பக்கத்தில் அழுகிற என் மாணவர்களை நினைத்தேன். கடிதத்தை எழுதினேன். "நீங்கள் வகுப்புகளுக்குச் சமுகமளிக்காத காரணத்தால் கொடுப்பனவு இத்துடன் நிறுத்தப்படுகின்றது. மீண்டும் விண்ணப்பிக்க உங்களுக்கு உரிமை உண்டு." கீழே, பிரதி: மாதர் சங்கத் தலைவி. சங்க முத்திரையையும் குத்தினேன். முத்திரை என் மேசை இலாச்சியில்தான் இருக்கிறது.

மலர் நஸீர் நானாவின் கடைக்கு வந்து, "பெற்றுக்கொண்டேன்" என்று எழுதிக் கையொப்பம் வைத்துவிட்டு, சாமான் பையையும் கேட்காமலே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். பயிற்சி முடிய ஒரு மாதம் இருந்தது.

5

ஐந்து கிழமை கழித்து நஸீர் நானா எடுத்தார். நான் வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தேன்.

"தங்கச்சி, வேற ஒரு பயிலுநருக்குக் குடுக்கலாம் எண்டு அந்தச் சாமான் பையத் தெறந்தன். எல்லாத்தையும் துடைச்சு, எண்ணெய் பூசி வெச்சிருக்கா. அடியில ஒரு பால்மாப் பைக்கட் இருந்த. அதுக்குள்ள முழுக்க பஸ் ரிக்கட்."

"என்ன ரிக்கட்?"

"அவட ரிக்கட்தான். திகதி அடிச்ச ரிக்கட். நான் ஒங்கட இடாப்பக் கிட்ட வெச்சு ஒவ்வொண்டாப் பாத்தன். வரவு இல்ல எண்டு வட்டம் போட்ட நாளுக்கெல்லாம் போன ரிக்கட்டும் இருக்கு, வந்த ரிக்கட்டும் இருக்கு. ஒரு நாள் விடாமப் போயிருக்கா, தங்கச்சி."

வன்னியில் இருந்து வந்த எல்லோருக்கும் இது விளங்கும். ஓடி ஓடி எல்லாப் பத்திரங்களையும் தொலைத்த சனம், இப்போது ஒரு துண்டுக் கடதாசியையும் எறியமாட்டார்கள். மருந்துத் துண்டு, மின்சாரத் துண்டு, நிவாரண அட்டை எல்லாம் ஒரு பைக்குள் கட்டி, தூக்கிக்கொண்டு ஓட வசதியான இடத்தில் இருக்கும். மலர் அந்த ரிக்கட்டுகளை யாருக்கும் காட்டுவதற்காக வைத்திருக்கவில்லை. எறியக் கை வராததால் வைத்திருந்தார்.

அன்று நான் வேலைக்குப் பிந்திப் போனேன். மலருக்கு எடுத்து, ரிக்கட்டைப் பற்றிக் கேட்டேன்.

"போனனான் அக்கா. ஒவ்வொரு நாளும் போனனான்."

"பின்னை ஏன் வரவு இல்லை?"

"ஒன்பது மணிக்குப் பிறகு வந்தா வரவு போடமாட்டினம். எனக்குப் போய்ச் சேரப் பத்து மணியாகும். மாஸ்ரர் நல்லவர், உள்ள இருந்து படியுங்கோ எண்டு விட்டவர். இடாப்பு மட்டும் எழுதேலாது எண்டவர்."

"ஏன் பத்து மணி?"

"ஆறு பத்து பஸ்ஸை விட்டா அடுத்தது கனக்கப் பிந்தித்தான் வரும். சந்திக்கு வர எங்கட வீட்டில இருந்து காட்டுப் பாதை. நெல்லு முத்தத் தொடங்கின பிறகு யானை வேலி விழுந்திட்டுது. விடியக் காலமை யானை பாதையில நிக்கும். எங்கட பக்கத்து ஒராளை அடிச்சும் போட்டுது. அதாலை வெயில் வந்த பிறகுதான் வெளிக்கிடுவன்."

வெட்கத்தை மறைக்கிறதுக்கோ என்னவோ, குரலை உயர்த்தினேன். "மலர், நான் மாதம் மாதம் எடுத்துப் பிரச்சினை ஏதும் இருக்கோ எண்டு கேட்டனான் எல்லே? ஏன் சொல்லேல்லை?"

அவர் உண்மையாகவே யோசித்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.

"யானை ஒரு பிரச்சினையே அக்கா? அது எல்லாருக்கும் இருக்கிறது தானே. நீங்கள் என்ர பிரச்சினையை எல்லே கேட்டனீங்கள்." பிறகு மெல்லிய குரலில், "அதோட, தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கலாமோ? பஸ் காசும் குடுத்து, சாமானும் வாங்கித் தந்திட்டியள். இனி யானைக் கதையும் சொன்னா, இவளுக்கு ஆசை அடங்காது எண்டு நினைப்பியள்."

6

என் அப்பாவின் வயல் வாய்க்காலின் கடைசியில் இருந்தது. முறை வைத்துத் தண்ணீர் விடுவார்கள். மேல் வயல்காரர்கள் மடையைக் கொஞ்சம் கூடுதலாகத் திறந்தால் எங்களுக்கு வருவது சேறு மட்டும். கிழமைக்கொருநாள் நீர்ப்பாசனத் திணைக்கள ஓவசியர் மோட்டார்சைக்கிளில் வந்து, வாய்க்கால் தலைப்பில் எல்லோரையும் கூட்டி வைத்து, கொப்பியைத் திறந்து ஒவ்வொருவராகக் கேட்பார்.

"கடைசி வயல், தண்ணி வந்ததோ?"

"ஓம் ஐயா" என்று சொல்லி, அப்பா கையொப்பம் வைப்பார்.

நான் பக்கத்தில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். எங்கள் வயல் வெடித்துக் கிடந்தது எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்ததும் குசினிக்குள் இருந்து அம்மா வெடிப்பார்: "பயிர் கருகுது, இவர் அங்க போய் ஓம் போடுறார். உங்கட வாயில என்ன கொழுக்கட்டையே?" அப்பா கால் கழுவிக்கொண்டே சொல்வார்: "மேல் வயல்காரரும் எங்கட ஆக்கள் தானே. எல்லாரையும் வைச்சுக்கொண்டு கேட்டா என்னெண்டு சொல்லுறது?" அம்மாவும் நாங்களும் வாளியால் இறைத்துக் கொஞ்சப் பயிரைக் காப்பாற்றுவோம். கொப்பியில் மட்டும் எங்கள் வயலுக்கு வருடம் முழுக்கத் தண்ணீர் பாய்ந்தது.

அந்த ஓவசியரை நான் எத்தனையோ வருடம் மனதுக்குள் திட்டியிருக்கிறேன். ஒருநாள் மோட்டார்சைக்கிளை விட்டு இறங்கி, வாய்க்கால் வழியே கடைசி வரைக்கும் நடந்து வந்து பார்த்திருந்தால் என்ன குறைந்துபோகும் என்று. இப்போது நானும் தேத்தண்ணிக் கோப்பையோடு கதிரையில் இருந்துகொண்டு, தண்ணி வந்ததோ என்று கேட்டிருக்கிறேன். ஓம் என்றதும் கொப்பியை மூடியிருக்கிறேன். தலையாட்டும் ஐயாவைப் பற்றி மேலாளருக்குப் பாடம் எடுத்தவள் நான்தான்.

7

ஓடித் திரிந்தேன். சங்கத்தில் சண்டை பிடித்து, கொடுப்பனவைத் திரும்பக் கொடுக்கச் சம்மதிக்க வைத்தேன். பயிற்சி நிலையத்து மாஸ்ரரை நஸீர் நானா மூலம் பிடித்துக் கதைத்தேன். அவர் சொன்னார்:

"வகுப்பில கைவேலை சுத்தமாச் செய்யிறது அவாதான். வரவு குறைஞ்சாலும், காரணம் காட்டி விசேட அனுமதிக்கு எழுதலாம் எண்டுதான் இருந்தனான். கடைசி மாதம் வராமல் நிண்டிட்டா. மதிப்பீட்டுக்குப் பேர்ப்பட்டியலும் அனுப்பியாச்சு. இனி அடுத்த அணியோடதான்."

கடைசி மாதம் அவர் வராததற்குக் காரணம் என் கடிதம். பஸ் காசு நின்றுவிட்டது.

மலரிடம் மன்னிப்புக் கேட்டேன். வாயால் மட்டும் கேட்கவில்லை, அழுதும் கேட்டேன். "ஐயோ, விடுங்கோ அக்கா. நீங்கள் என்ன செய்வியள். பரவாயில்லை, ஒண்டும் இல்லை" என்று அவர்தான் என்னைத் தேற்றினார். அடுத்த அணிக்கு விண்ணப்பிக்கச் சொன்னேன். "ஓம் அக்கா, பாப்பம்" என்றார்.

நான் படிவத்தைத் திருத்தினேன். காலையில் எத்தனை மணிக்கு எழும்புவீர்கள், வகுப்புக்கு எந்த வழியால் வருவீர்கள், வழியில் என்னென்ன இருக்கிறது என்று ஒரு முழுப் பக்கம் சேர்த்தேன். வரவு விதியையும் மாற்றினோம். எனக்கு மனப்பாரம் கொஞ்சம் இறங்கியது. பட்டுத் தெளிந்துவிட்டேன் என்று நினைத்தேன்.

ஆதிரைக்கும் ஞாயிறு ஞாயிறு எடுப்பேன். "எல்லாம் ஓகே அம்மா" என்பாள். ஒருநாள் புதுப் படிவத்தில் கேட்பதுபோல, காலமை எத்தனை மணிக்கு எழும்புகிறாய், எந்த வழியால் நடந்து போகிறாய் என்று கேட்டேன். "வாட்?" என்று சிரித்துவிட்டு, "ஆர் யூ ஓகே, அம்மா?" என்றாள். பிறகு வகுப்பு இருக்கிறது என்று வைத்துவிட்டாள்.

8

புதிய விண்ணப்பங்கள் வந்தன. வழியைப் பற்றிய பக்கத்தில் சனம் எழுதியிருந்ததை வாசிக்க வாசிக்க, நான் பிறந்த மண்ணை எனக்குத் தெரியாது என்று விளங்கியது. மழைக்குப் பாதையை மூடி ஓடுகிற ஆறு, வராத பஸ், செட்டிகுளத்தில் இருந்து இரண்டு பஸ் மாறி வருகிற ஒருவர், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுத்தான் வெளிக்கிட முடியும் என்ற தாய்மார். மலரின் விண்ணப்பம் மட்டும் இல்லை. முடிவு திகதிக்கு முதல் வந்த ஞாயிறு, போன ஞாயிறு, அவருக்கு எடுத்தேன்.

"மலர், ஃபோம் வரேல்லையே?"

"நான் இந்தமுறை போடேல்லை அக்கா."

"ஏன்? யானை வேலி இன்னும் கட்டேல்லையோ?"

"கட்டிட்டினம். அது பிரச்சினை இல்லை. ஒரு பிரச்சினையும் இல்லை அக்கா."

முந்தின வசந்தியாக இருந்தால், சரி, பிறகு பார்ப்போம் என்று வைத்திருப்பேன். இந்தமுறை வைக்கவில்லை. சும்மா போனைக் காதில் வைத்துக்கொண்டு இருந்தேன். எங்கேயோ தூரத்தில் யானை கலைக்கும் வெடி இரண்டு வெடித்தது. ஒரு நாய் குரைத்தது. அவரும் வைக்கவில்லை.

"கோவிக்கமாட்டியள் எண்டா ஒண்டு சொல்லவோ?" என்றார்.

"சொல்லுங்கோ மலர்."

"உங்கட கடிதத்தின்ர கொப்பி மாதர் சங்கத்துக்கு வந்தது எல்லே. கூட்டத்தில வாசிச்சவை. நான் வகுப்புக்குப் போகேல்லை எண்டு கனடாவில இருந்து சீல் குத்திக் கடிதம் வந்திருக்கு. ஆனா நான் ஒவ்வொரு நாளும் வெளிக்கிட்டுப் போறதை ஊர் முழுக்கப் பாத்தது. அப்ப இவள் எங்க போனவள் எண்டு கேக்கினம்."

நான் தேத்தண்ணிக் கோப்பையைத் தள்ளி வைத்தேன்.

"முகத்துக்கு நேர ஒருத்தரும் கேக்கேல்லை. வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு மாதர் சங்கம் வான் பிடிச்சுப் போனது. எனக்குச் சொல்லேல்லை. வீட்டில இவர் ஒண்டும் கேக்கமாட்டார். கேக்காமலே இருக்கிறார். மகள்தான் ஒருநாள், படியடி எண்டு பேசினதுக்கு, 'நீங்கள் படிக்கப் போறன் எண்டு சொல்லிப்போட்டு எங்க போனனீங்கள்?' எண்டு கேட்டவள்."

"ஒரு வருசமா ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் அண்டைக்கு அழுதனீங்கள் அக்கா. அதுக்கு மேல எப்பிடிச் சொல்லுறது?"

பொம்பிளையள் தனிய இருக்கிற வீடுகளில் அக்கம்பக்கம் கதைக்கக்கூடாது என்பதற்காக வயரிங் பழக வந்த பெண் அவர். ஊர் வாய்க்கு அவரையே எடுத்துக் கொடுத்தது நான். என் மன்னிப்பும் அழுகையும் எனக்குத்தான் ஆறுதல் தந்திருக்கின்றன. அவருக்கு அவை இன்னொரு பூட்டு.

"நான் என்ன செய்யவேணும், சொல்லுங்கோ" என்றேன்.

"காசு வேண்டாம். நான் ஒவ்வொரு நாளும் வகுப்புக்குப் போனனான் எண்டு ஒரு கடிதம் தாங்கோ. மற்றக் கடிதத்தில குத்தின மாதிரி இதிலயும் சீல் குத்துங்கோ. அதுக்கு ஒரு கொப்பி போட்ட மாதிரி, இதுக்கும் மாதர் சங்கத்துக்கு ஒரு கொப்பி போடுங்கோ."

9

குகனேசனுக்கு எடுத்தேன். அவர் கெட்ட மனிதர் அல்ல. ஆனால் செயலாளர்.

"பரிதாபம்தான், வசந்தி. ஆனா சங்கத்தின்ர பேரில பிழை எங்கட எண்டு எழுதேலாது. நாளைக்கு நிப்பாட்டுப்பட்ட எல்லாரும் கடிதம் கேப்பினம். உம்மட பேரில ஒரு கடிதம் எழுதிக் குடுமன்."

"சீல் இல்லாத கடிதத்தை ஊரில ஆர் மதிக்கிறது?"

"கூட்டத்தில வைச்சு முடிவெடுப்பம்."

அடுத்த கூட்டம் இரண்டு மாதம் கழித்து. நான் ஓம் என்று சொல்லிப் போனை வைத்தேன். அந்த ஓம் எப்படிப்பட்ட ஓம் என்று அவருக்குத் தெரிந்திருக்காது.

எத்தனையோ கடிதங்கள் எழுதிய எனக்கு இந்த ஒன்றை எழுத மூன்று நாள் பிடித்தது. ஆதாரம் இல்லாமல் எழுதக்கூடாது என்பது என் தொழில் புத்தி. நஸீர் நானா ரிக்கட்டுகளை அடுக்கிப் படமெடுத்து அனுப்பினார். அவற்றைக் கணினித் திரையில் பெருப்பித்து, ஒவ்வொரு திகதியாகப் பார்த்து எழுதினேன். "யோகமலர் அவர்கள் ஐந்து மாதமும் ஒரு நாளேனும் தவறாது வகுப்புக்கு வந்தார். அவர் வரவில்லை என்று நாம் முன்னர் எழுதியது பிழை. விசாரிக்காமல் எழுதியது எமது தவறு. அதனால் அவருக்கு ஏற்பட்ட அவமானத்துக்கு அவரிடமும் ஊராரிடமும் மன்னிப்புக் கேட்கிறோம்." இலாச்சியைத் திறந்து முத்திரையை எடுத்தேன். ஒன்று மலருக்கு, ஒன்று மாதர் சங்கத்துக்கு. மை நன்றாகப் படும்படி அழுத்திக் குத்தினேன். சங்கத்தில் என்ன நடக்கும் என்று தெரியாது. முத்திரையைத் திருப்பிக் கேட்பார்கள், கொடுத்துவிடுவேன்.

படமெடுத்து நஸீர் நானாவுக்கு அனுப்பி, வண்ணத்தில் அச்செடுக்கச் சொன்னேன். முத்திரை ஊதாவாகத் தெரிய வேண்டும். தபாலிலும் போட்டேன். விண்ணப்ப முடிவு திகதி போய்விட்டது, மலரும் போடவில்லை. அந்தச் சான்றிதழ் இன்னும் அவர் கையில் இல்லை, இனி வருமோ என்றும் எனக்குத் தெரியாது.

இன்று காலை பஸ்ஸில் நிற்கும்போது நஸீர் நானாவின் குரல் செய்தி வந்தது.

"தங்கச்சி, கடிதத்தக் குடுத்திட்டன். மாதர் சங்கத் தலைவியும் கடையில நிண்டா, இன்னும் நாலஞ்சு பேர் நிண்ட. மலர் கையில வாங்கி ஒருக்காப் பாத்தா. வாசிக்கல்ல. கூட வந்த மகள்ட்டக் குடுத்து, 'சத்தமா வாசி' எண்டா."